பன்னிரண்டு காகிதங்கள், ஒரே ஒரு "இப்போது": ஈரத்தில் ஈரம் வகுப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம் கூடும் நீர்வண்ண வகுப்பு. ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் 12 பேர். எல்லோரும் பெரியவர்கள், ஆறு மாதமாவது பழகியவர்கள். காய்ந்த காகிதத்தில் சீராக வாஷ் (தண்ணீரில் கரைத்த வண்ணத்தின் மெல்லிய பூச்சு) போடுவதும், ஒன்று காய்ந்தபின் அதன்மேல் இன்னொன்று ஏற்றுவதும் அவர்களுக்கு வந்துவிட்டது. அடுத்த நான்கு வாரங்களை வெட்-ஆன்-வெட், அதாவது ஈரத்தில் ஈரம், முறைக்கு ஆசிரியர் ஒதுக்கினார். காகிதத்தை முதலில் நனைத்துக்கொண்டு, அந்த ஈரத்திலேயே வண்ணத்தை விட்டு, அது தானாகப் பரவி ஓரம் கரைவதைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இது.

முதல் பாடத்துக்கு அந்தி வானம். மேலே அல்ட்ராமரைன் நீலம், நடுவில் ரோஸ், அடிவானத்தை ஒட்டி யெல்லோ ஆக்கர் என்ற மண் மஞ்சள். வானம் ஈரமாக இருக்கும்போதே அடிவானத்தில் தொலைவு மரங்களை அடர்த்தியாக வைக்க வேண்டும். மரங்களின் உச்சி வானத்துக்குள் மெல்லக் கரைந்து பனிமூட்டம் போலத் தெரிய வேண்டும்.

காகிதம் அவரவர் கொண்டுவந்தது. ஐந்து பேரிடம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனக்கணக்கு) பருத்திக் காகிதம், நான்கு பேரிடம் 300 ஜிஎஸ்எம் மரக்கூழ்க் காகிதம், மூவரிடம் 200 ஜிஎஸ்எம் மரக்கூழ்க் காகிதம். காய்ந்த காகிதத்தில் வரைந்த மாதங்களில் இந்த வேறுபாடு யாரையும் பெரிதாகப் படுத்தவில்லை. அதனால்தான் இப்போதும் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் வகுப்பு

எல்லோரும் காகிதத்தின் நான்கு ஓரங்களையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டினார்கள். ஆசிரியர் சொன்னதும் அகலப் பிரஷ்ஷால் ஒரே நேரத்தில் காகிதத்தை நனைத்தார்கள். பிறகு முன் மேசைக்கு வந்து ஆசிரியரின் செயல்விளக்கத்தைப் பார்த்தார்கள். அது ஏறக்குறைய நான்கு நிமிடம் எடுத்தது. இருக்கைக்குத் திரும்பியதும் வானத்து நிறங்களை வைத்தார்கள். ஆசிரியர் தன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இப்போது மரங்களை வையுங்கள்" என்றார். எல்லோரும் வைத்தார்கள்.

ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும், "மேடம், என்னுடையது காய்ந்துவிட்ட மாதிரி இருக்கிறதே?" என்று கேட்டார். "இல்லை, இன்னும் ஈரம் இருக்கும், வையுங்கள்" என்பது பதில். அந்தக் காகிதத்தைப் பக்கத்தில் போய் யாரும் பார்க்கவில்லை.

காய்ந்தபின் 12 படங்களையும் சுவரோரம் வரிசையாக வைத்தபோது மூன்றுதான் எண்ணியபடி வந்திருந்தன. மற்ற ஒன்பதில் ஏழில் காலிஃபிளவர். அதாவது நடுவில் வெளுத்து, ஓரத்தில் பல் பல்லாகக் கருத்த கறை. இரண்டில் வானமே சேறு. நன்றாக வந்த மூன்றும் பருத்திக் காகிதம். மூவரும் மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதவர்கள். திறமையின் பேரில் இந்த மூன்றையும் பாராட்டியிருந்தால் அடுத்த வகுப்பிலும் அதே கதைதான் நடந்திருக்கும்.

கறை இருந்த இடம் சொன்னது

ஆசிரியர் ஒன்பது படங்களையும் வாங்கிவைத்து, கறை எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தார். இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகவும் பயன்பட்டது இதுதான். காலிஃபிளவர் எல்லாம் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அவை பிறக்கும் வழி வெவ்வேறு; விழுந்த இடம் அந்த வழியைக் காட்டிக்கொடுக்கும்.

அடிப்படை எளிது. காகிதத்தில் தண்ணீர் அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு நகரும்; போகும்போது நிறமித் துகள்களையும் தள்ளிக்கொண்டு போகும். முழுக்கப் பளபளக்கும் ஈரத்தில் ஒரு சொட்டு விழுந்தால் எல்லாப் பக்கமும் கரைந்துவிடும், தடம் இருக்காது. பாதி காய்ந்த வாஷில் அதே சொட்டு விழுந்தால், அங்கே படிய ஆரம்பித்திருந்த நிறமியை அது வெளியே தள்ளும். காய்ந்துகொண்டிருக்கும் எல்லையை எட்டியதும் மேலே போக முடியாமல் அங்கேயே இறக்கிவிடும். அதுதான் அந்தக் கருத்த ஓரம்.

ஐந்து படங்களில் மரங்களைச் சுற்றியே கறை. பிரஷ்ஷில் இருந்த ஈரம் காகிதத்தில் இருந்ததைவிட அதிகம் என்பதற்கு இது நேரடிச் சான்று. எதிர்பார்த்ததும் இதுதான்.

எதிர்பார்க்காதது நான்கு படங்களின் விளிம்பில் இருந்தது. (இரண்டில் மரத்தைச் சுற்றியும் விளிம்பிலும் கறை இருந்தது.) நனைக்கும்போது மாஸ்கிங் டேப்பின் மேலும் தண்ணீர் ஏறும். டேப் தண்ணீரை உறிஞ்சாது, காகிதம் உறிஞ்சும். நடுப்பகுதி காய்ந்துகொண்டு வரும்போது டேப்பின் ஓரத்தில் நூல்போல நின்ற தண்ணீர் உள்ளே திரும்பி வந்து கறை போட்டிருக்கிறது. வரைந்தவர் எந்தத் தவறும் செய்யாமலே, பிரஷ்ஷைக் கீழே வைத்த பிறகு நடப்பது இது. நனைத்து முடித்ததும் நான்கு பக்கமும் டேப்பை டிஷ்யூவால் ஒருமுறை ஒற்றியிருந்தால் போதும்.

200 ஜிஎஸ்எம் காகிதம் வைத்திருந்த மூவரிடமும் இன்னொரு அடையாளம் தெரிந்தது. நனைந்த காகிதம் விரியும். நான்கு பக்கமும் ஒட்டியிருப்பதால் விரிய இடமில்லாமல் மேடும் பள்ளமுமாக எழும்பும். வண்ணம் பள்ளத்தில் தேங்கும், மேடு முதலில் காயும். அந்தப் பள்ளங்களின் வழியே கோடு கோடாகக் கறை ஓடியிருந்தது.

சேறான இரண்டு படங்களுக்கும் ஈரத்துக்கும் தொடர்பில்லை. யெல்லோ ஆக்கரும் ரோஸும் சந்திக்கும் இடம் ஆரஞ்சு. அந்த ஆரஞ்சின்மேல் நீலம் தோய்ந்த பிரஷ்ஷை முன்னும் பின்னும் இழுத்திருக்கிறார்கள். ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள், கலந்தால் சாம்பலாகும். நிறங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டுப் பலகையைச் சாய்த்தால் எல்லையில் மட்டும் கலக்கும். பிரஷ்ஷால் கலந்தால் வானம் முழுக்கக் கலந்துவிடும்.

இவற்றோடு அறையையும் ஒருமுறை பார்க்க வேண்டியிருந்தது. மின்விசிறிகள் இரண்டு. அவற்றின் நேர் கீழே நான்கு இருக்கைகள். இன்னொன்று வெளிச்சம். காகிதத்தின் பளபளப்பு, வெளிச்சம் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் முதுகுப்பக்கம் இருந்தவர்களுக்குக் காகிதம் எப்போதுமே மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். ஈரமா காய்ந்ததா என்று அவர்களால் சொல்லவே முடிந்திருக்காது. கேள்வி கேட்டவரின் படத்தில் மரங்களைச் சுற்றி நல்ல பெரிய காலிஃபிளவர். அவர் கேட்டது சரி.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, "இப்போது" என்று பொதுவாகச் சொல்வதை விடுவது. தொலைவு மரம் வைக்கத் தோதான ஈரம் இரண்டு மூன்று நிமிடம்தான் நிற்கும். 12 காகிதங்களையும் ஆசிரியர் அந்த நேரத்துக்குள் பார்ப்பதானால் ஒருவருக்குப் பதினைந்து வினாடிகூடக் கிடைக்காது. ஆகவே ஈரத்தைப் பார்த்து முடிவெடுப்பது மாணவரிடமே இருக்க வேண்டும்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே காகிதம். 56 x 76 செ.மீ. முழுத்தாளை நான்காக வெட்டி, 300 ஜிஎஸ்எம் பருத்திக் காகிதம் பொதுவில் வாங்குவது. மரக்கூழ்க் காகிதத்தில் இதைச் செய்யவே முடியாது என்றில்லை. அது ஈரத்தைச் சீராகவும் நீண்ட நேரமும் பிடித்துவைப்பதில்லை. கற்கும் கட்டத்தில் தவறு கையுடையதா காகிதத்துடையதா என்று பிரித்தறிய வழியில்லாமல் போவதுதான் சிக்கல்.

மூன்றாவது, அடுத்த வகுப்பில் படமே வரைவதில்லை. இதற்கு முணுமுணுப்பு எழுந்தது. ஆசிரியர் விட்டுக்கொடுக்கவில்லை.

இரண்டாம் வகுப்பு: பட்டைகள்

ஒவ்வொருவரும் 28 x 38 செ.மீ. தாளை 7 செ.மீ. அகலமுள்ள நான்கு பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் பென்சிலால் ஆறு கட்டமாகப் பிரித்தார்கள். பட்டையை ஒருமுறை நனைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி நனைத்து, டேப் ஓரத்தை ஒற்றிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக அல்ட்ராமரைன் நீலத்தால் ஒரே ஒரு தீற்றல். எல்லாக் கட்டத்துக்கும் பால் பதத்தில் கரைத்த ஒரே கலவை.

மின்விசிறி இல்லாத இடத்தில் முதல் பட்டை இப்படி வந்தது. முதல் கட்டத்தில் நீலம் புகைபோலக் கலைந்து பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது. தீற்றிய வடிவம் மிஞ்சவில்லை. இரண்டாவதில் நடு எங்கே என்று தெரிந்தது. மூன்றிலும் நான்கிலும் வடிவம் நின்றது, ஓரம் மட்டும் பஞ்சுபோல விரிந்தது. ஐந்தாவதில் காலிஃபிளவர். ஆறாவதில் ஒரு பக்கம் வெட்டினாற்போல ஓரம், மறுபக்கம் கறை. மின்விசிறியின் கீழ் வைத்த இரண்டாவது பட்டையில் ஏறக்குறைய இதே வரிசை, ஆனால் இரண்டு நிமிடம் முன்னதாகவே. முதல் வகுப்பில் நனைத்துவிட்டு நான்கு நிமிடம் விளக்கம் பார்த்தது எவ்வளவு பெரிய பிழை என்று இதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஈரத்தின் நிலைகளுக்கு வகுப்பு தனக்கென்று பெயர் வைத்துக்கொண்டது. தண்ணீர் தேங்கி அசைந்தால் குளம். தேக்கம் இல்லை, ஆனால் விளக்கு அப்படியே பிரதிபலிக்கிறது என்றால் பளபளப்பு. பிரதிபலிப்பு போய்ப் பட்டுத்துணிபோல மெல்லிய ஒளி மட்டும் இருந்தால் மினுக்கு. ஒளியும் போய், புறங்கை விரலால் தொட்டால் சில்லென்று இருந்தால் குளிர்ச்சி. விரல்நுனியால் தொடக்கூடாது, தோலின் எண்ணெய் படிந்த இடத்தில் வண்ணம் ஒட்டாது. வானத்து நிறங்களுக்குப் பளபளப்பு, தொலைவு மரத்துக்கு மினுக்கு, குளிர்ச்சியில் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொள்வது என்று வரையறை வந்தது.

மூன்றாவது பட்டையில் காகிதம் மினுக்கு நிலைக்கு வந்ததும் மூன்று விதமாகத் தீற்றினார்கள்: தண்ணீரில் தோய்த்த பிரஷ்ஷால் அப்படியே; குவளையின் விளிம்பில் தட்டிய பிரஷ்ஷால்; டிஷ்யூவில் ஒற்றியபின் வண்ணத்தைத் தயிர் பதத்தில் எடுத்த பிரஷ்ஷால். முதலாவது கறை போட்டது. இரண்டாவது சிலருக்குக் கறை, சிலருக்கு இல்லை. மூன்றாவது எல்லோருக்கும் வடிவம் கெடாமல் ஓரம் மட்டும் கரைந்தது. காகிதம் காயக் காய பிரஷ்ஷிலும் தண்ணீர் குறைந்துகொண்டே வர வேண்டும் என்ற விதி அந்தப் பட்டையிலேயே எழுதி ஒட்டப்பட்டது. பலருடைய பழக்கம் இதற்கு நேர் எதிர்: வண்ணம் பரவவில்லை என்று தெரிந்ததும் கை தானாகத் தண்ணீரைத் தேடிப் போகும்.

நான்காவது பட்டை நிறங்களை ஒப்பிட. பளபளப்பில் தாலோ நீலம் வெடித்தாற்போல ஓடியது. அதன் துகள் மிக நுண்ணியது. காகிதத்தில் கறையாகவும் பிடித்துக்கொள்ளும், பிறகு எடுக்க வராது. அல்ட்ராமரைன் அவ்வளவு தூரம் போகாமல் காகிதத்தின் குழிகளில் பொடிப்பொடியாக உட்கார்ந்தது. யெல்லோ ஆக்கர் இரண்டையும்விட மெதுவாக நகர்ந்தது.

இந்த இடத்தில் ஒருவர் உப்பு தூவிப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆசிரியர் சரி என்றார். பிறகு எல்லோரும் தூவினார்கள். இருபது நிமிடம் போனது. உப்புப் பரல் தன்னைச் சுற்றியுள்ள வண்ணநீரை இழுத்து வெளுத்த பூ போடும். பளபளப்பு போகும் தறுவாயில் போட்டால் நன்றாக வரும், குளத்தில் போட்டால் கரைந்துவிடும். அதுவும் ஈரத்தைப் பற்றிய பாடம்தான், ஆனால் அன்றைக்குத் தேவைப்பட்ட பாடம் அல்ல. நிறப்பட்டையை ஐந்து பேர் முடிக்கவே இல்லை.

மூன்றாம் வகுப்பு

அதே அந்தி வானம். இம்முறை நடைமுறை வேறு. விளக்கம் முழுவதையும் முதலில் பார்த்துவிட்டு, பாலட்டில் (வண்ணம் குழைக்கும் தட்டில்) நான்கு கலவைகளையும் தயாராக வைத்துக்கொண்ட பிறகே காகிதத்தில் தண்ணீர் பட வேண்டும். காய்ந்ததும் நிறம் வெளிறும் என்பதால் வானத்து நிறங்களை நினைப்பதைவிட ஒரு படி அடர்த்தியாகவே கலக்கச் சொன்னார் ஆசிரியர். மரத்துக்கான அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) கலவை தயிர் பதத்தில் தனியாக. நடுவில் உட்கார்ந்து வண்ணம் குழைக்கும் ஒவ்வொரு நிமிடமும் காகிதம் காய்ந்துகொண்டிருக்கிறது.

வகுப்பு ஆறு ஆறு பேராகப் பிரிந்தது. முதல் ஆறு பேர் நனைத்து வானத்தை முடித்து மரம் வைக்கும்வரை மற்றவர்கள் காத்திருந்தார்கள். ஆறு மேசை என்றால் ஆசிரியரால் அந்தச் சில நிமிடங்களுக்குள் ஒரு சுற்றாவது வர முடிந்தது. மின்விசிறிகள் நிறுத்தப்பட்டன. முதுகில் வெளிச்சம் வாங்கியவர்கள் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பலகையின் மேல்பக்கத்துக்கு அடியில் ஒரு டேப் சுருளை வைத்து இரண்டு செ.மீ. அளவுக்குச் சாய்த்தார்கள், அடியில் சேரும் தண்ணீரைப் பிழிந்த பிரஷ்ஷின் நுனியால் தொட்டு உறிஞ்சினார்கள்.

எட்டுப் படங்கள் நன்றாக வந்தன. விளிம்புக் கறை ஒன்றில்கூட இல்லை. மரத்தைச் சுற்றிய கறை இரண்டில்.

ஒரு படத்தில் மட்டும் புதிதாக ஒன்று. வானம் முழுக்கக் கருமையான புள்ளிகள், அம்மைத் தழும்புபோல. அந்த மாணவர் பொதுக் காகிதத்துக்குப் பதிலாக, வீட்டில் பல ஆண்டுகளாக வைத்திருந்த விலையுயர்ந்த பருத்திக் காகிதத்தைக் கொண்டுவந்திருந்தார். காகிதம் தண்ணீரை உடனே குடித்துவிடாமல் இருக்க ஜெலட்டின் போன்ற பொருளால் சைஸிங் செய்திருப்பார்கள். ஈரக்காற்று பட்டும் நாட்பட்டும் அது கெடும். கெட்ட இடங்களில் வண்ணம் உள்ளே இறங்கிவிடும். மிச்சத் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள்: நல்ல காகிதத்தில் சொட்டு குமிழாக நின்றது, இதில் சில வினாடியில் இறங்கி இடம் கருத்தது. மீதமிருந்த தாள்களைப் பென்சில் ஓவியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். அந்த மாணவருக்கு வருத்தம்தான்.

கைக்கு ஏற்ற மாற்றம்

மீதி மூவரில் ஒருவருக்குக் கை மெதுவானது. விதி அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நான்காவது மரத்துக்கு வரும்போது மினுக்கு போய்விடும். "எனக்கு மட்டும் ஏன் சார் காத்திருக்க மாட்டேன் என்கிறது இந்தக் காகிதம்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். வேகமாகச் செய்யச் சொல்வதற்குப் பதில் ஈரத்தை நீட்டிக்க முடிவானது. டேப் இல்லாமல், காகிதத்தின் பின்பக்கத்தையும் முன்பக்கத்தையும் நன்றாக நனைத்து ஒரு அக்ரிலிக் தகட்டின்மேல் படியவைத்தார்கள். அடியில் காற்றுக்குமிழ் இல்லாமல் நீவிவிட்டால் காகிதம் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும், கீழிருந்தும் ஈரம் கிடைக்கும். அவருக்கு வேலை செய்யும் நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டியது. ஆனால் அத்தனை ஈரத்தில் எல்லா ஓரமும் கரையும். கூர்மையான கோடு வேண்டுமானால் முழுக்கக் காய்ந்தபின்தான். காய்ந்த காகிதம் சுருண்டும் போகும். பின்பக்கம் லேசாக ஈரமாக்கி இரண்டு பலகைகளுக்கிடையே கனம் ஏற்றி ஓர் இரவு வைக்க வேண்டியிருந்தது.

மற்ற இருவரின் சிக்கல் முடிந்த படத்தைத் தொடுவது. மரம் நன்றாக அமர்ந்தபின், குளிர்ச்சி நிலையில், "இங்கே கொஞ்சம் மட்டும்" என்று ஒரு தீற்றல். மரத்தைச் சுற்றிய இரண்டு கறைகளும் இவர்களுடையவை. கடைசி மரத்தை வைத்ததும் பிரஷ்ஷைத் தண்ணீர்க் குவளையில் போட்டுவிட்டு எழுந்து போவது என்று ஏற்பாடானது.

நான்காம் வகுப்பும் விளைவும்

நான்காம் வகுப்பில் ஒவ்வொருவரும் தாங்களே தேர்ந்த காட்சி, பழையபடி 12 பேரும் ஒன்றாக. ஆசிரியர் நேரம் எதுவும் சொல்லவில்லை. மின்விசிறிகள் வேண்டுமென்றே ஓடவிடப்பட்டன. அவற்றின் கீழ் இருந்தவர்கள் தாங்களாகவே மூன்று முறை நனைத்துக்கொண்டார்கள். மரமோ மலையோ வைப்பதற்கு முன் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகக் காகிதத்தைப் பார்ப்பது ஏறக்குறைய எல்லோரிடமும் தெரிந்தது.

ஒன்பது படங்கள் எண்ணியபடி வந்தன. ஒன்றில் தாலோ நீலம் எதிர்பார்த்ததைவிட ஓடி மேகத்துக்கான வெள்ளையை விழுங்கியிருந்தது. நிறப்பட்டையை முடிக்காத ஐவரில் ஒருவர் அவர். ஒன்றில் விளிம்புக் கறை மீண்டும் வந்தது, ஒற்ற மறந்ததால். மீதி ஒருவர், குவளையில் போட்ட பிரஷ்ஷைத் திரும்பி வந்து எடுத்துவிட்டார். படம் பளபளப்பாக இருக்கும்போதே அவர் ஹேர் டிரையரையும் காட்டியதில் வண்ணம் ஓரத்துக்கு ஒதுங்கிப்போயிருந்தது. ஒளி முழுக்கப் போனபிறகே சூட்டுக்காற்று காட்டலாம்.

அடுத்த குழுவுக்கு மாற்றப்போவது

பட்டைப் பயிற்சி முதல் வகுப்பிலேயே வரும். அந்தி வானம் அதற்குப் பின். நிறப்பட்டை நான்காவதாக இல்லாமல் இரண்டாவதாக இருக்கும். உப்பு கடைசி வகுப்புக்குப் போகும். சேர்க்கைக் குறிப்பிலேயே காகிதத்தின் வகையும் கனமும் எழுதப்படும். யார் கொண்டுவந்தாலும் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே அதில் வேலை.

இருக்கைகள் ஜன்னலைப் பார்த்தபடி போடப்படும். மரக்கூழ்க் காகிதத்தையே தொடர்ந்து பயன்படுத்தப்போகிறவர்களுக்கென்று ஒரு பட்டை தனியாகச் சேர்க்கப்படும். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனதும் அவர்கள் கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான், அதன் நிமிடக் கணக்கு வேறு. இந்தக் குழுவில் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. நான்காம் வகுப்புக்குப் பிறகு இருவர் மரக்கூழ்த் தாளில் வரைந்து கொண்டுவந்து காட்டிய படங்களில் பழைய காலிஃபிளவர் அப்படியே இருந்தது.